ஒரு கார்டு போனாலும் விஎம் நிற்கக் கூடாது: புராக்ஸ்மாக்ஸில் பாண்டும் பிரிட்ஜும் அமைக்கும் முறை

சர்வரில் புராக்ஸ்மாக்ஸ் விஇ (ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) நிறுவி முடித்ததும் விஎம்பிஆர்0 என்ற பிரிட்ஜ் (விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் ஸ்விட்ச்) ஒன்று தயாராக இருக்கும். அதன் அடியில் இருப்பது, நிறுவும்போது நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட். இருபது விஎம் ஓடினாலும் இருபதும் அந்த ஒற்றைக் கேபிளில்தான் தொங்குகின்றன. ரேக்கில் வேறு வேலை நடக்கும்போது அந்த கேபிளின் கிளிப் உடைந்து கொஞ்சம் வெளியே நகர்ந்தால் போதும், இருபதும் ஒரே நொடியில் காணாமல் போகும்.

இதற்குத் தீர்வு பழகியதுதான். இரண்டு போர்ட்டுகளைச் சேர்த்து ஒரு பாண்ட் ஆக்கி, பிரிட்ஜை அந்த பாண்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். திரையில் இதற்குப் பத்து நிமிடம் ஆகும். நேரம் பிடிப்பது மற்ற பாதி: இரண்டாவது பாதை முதல் பாதையைப் போல அச்சு அசலாக இருக்க வேண்டும், அதே சமயம் முதல் பாதையோடு எதையும் பங்குபோடாமல் இருக்க வேண்டும். பாண்ட் போட்டும் சேவை நின்றது என்று வரும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று தவறியிருக்கும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் உறுதிசெய்வதற்காகத்தான்.

எது எதன் மேல் இருக்கிறது

அடியில் நிஜமான போர்ட்டுகள். மதர்போர்டில் உள்ளவை இஎன்ஓ1, இஎன்ஓ2 என்றும், பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் உள்ளவை இஎன்பி5எஸ்0எஃப்0 என்பது போலவும் பெயர் பெறும். அவற்றின் மேல் பாண்ட்0. பாண்டின் மேல் பிரிட்ஜான விஎம்பிஆர்0. உச்சியில் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு டேப் போர்ட் (விஎம்மை பிரிட்ஜில் இணைக்கும் மெய்நிகர் போர்ட்). 100 என்ற எண் கொண்ட விஎம்மின் முதல் கார்டுக்கு டேப்100ஐ0 என்று பெயர் இருக்கும். கன்டெய்னர் என்றால் டேப்புக்குப் பதிலாக வீத்.

சர்வரின் ஐபி முகவரி பிரிட்ஜில் மட்டுமே இருக்க வேண்டும். பாண்டிலும் கூடாது, அதற்கு அடியில் உள்ள போர்ட்டுகளிலும் கூடாது. பழைய முகவரியை இஎன்ஓ1-இல் அப்படியே விட்டுவிட்டு அந்த போர்ட்டை பாண்டுக்குள் தள்ளினால், சில நேரம் பிங் போகும், சில நேரம் போகாது. இப்படி அரைகுறையாக ஓடுவதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் வீணாகும்.

பாண்ட் எதற்கு, இரண்டு போர்ட்டையும் நேராக பிரிட்ஜில் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். புராக்ஸ்மாக்ஸ் பிரிட்ஜில் எஸ்டிபி (நெட்வொர்க்கில் வளையம் உருவாவதைத் தடுக்கும் நெறிமுறை) அணைந்தே வரும். இரண்டு கேபிளும் ஒரே லேனில் போய்ச் சேர்வதால் அங்கே ஒரு வளையம் உருவாகும். ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் அதற்குள் புகுந்தால் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் அந்த லேன் முழுவதும் மூச்சுமுட்டும்.

இன்னொரு வீண் வேலை, விஎம்முக்குள் இரண்டு மெய்நிகர் கார்டு கொடுத்து அங்கே பாண்ட் போடுவது. இரண்டும் ஒரே பிரிட்ஜில்தான் இறங்குகின்றன, அதனால் கூடுதல் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது. விஎம்முக்கு விர்ட்ஐஓ வகையில் ஒரே ஒரு கார்டு போதும். கேபிள் போனதையும் வந்ததையும் விஎம் அறியவே வேண்டியதில்லை.

போர்ட்டுகளைப் பங்கிடுவது

நான்கு போர்ட் கார்டு ஒன்றை வாங்கி, அதிலேயே இரண்டை எடுத்து பாண்ட் போடுவது பரவலாக நடக்கிறது. கேபிள் அறுந்தாலோ ஸ்விட்ச் போர்ட் செத்தாலோ இது காப்பாற்றும். கார்டே செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே ஒரு போர்ட்டை மதர்போர்டிலிருந்தும் மற்றதைக் கார்டிலிருந்தும் எடுங்கள். இரண்டும் வேறு வேறு சிப்பாக இருந்தால் இன்னும் நல்லது. மதர்போர்டில் பிராட்காம், கார்டில் இன்டெல் என்று அமைந்தால் ஒரே டிரைவர் கோளாறு இரண்டையும் கவிழ்க்க வாய்ப்பில்லை.

ஒரு மாதிரிப் பங்கீடு பார்ப்போம். மதர்போர்டில் 1 கிகாபிட் போர்ட் 2, இன்டெல் ஐ350 நான்கு போர்ட் கார்டு 1, விலேன் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்குகளைப் பிரித்து ஓட்டும் முறை) தெரிந்த ஸ்விட்ச் 2. மதர்போர்டின் முதல் போர்ட்டும் கார்டின் முதல் போர்ட்டும் சேர்ந்து பாண்ட்0, இது விஎம் போக்குவரத்துக்கு. மதர்போர்டின் இரண்டாவதும் கார்டின் இரண்டாவதும் பாண்ட்1, இது ஸ்டோரேஜுக்கும் பேக்கப்புக்கும். கார்டின் மூன்றாவது போர்ட்டை கோரோசிங்குக்கு (கிளஸ்டரில் சர்வர்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் சேவை) என்று தனியாக ஒதுக்குங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது. நான்காவது கையிருப்பு. பாண்ட்0-இல் மதர்போர்டு கேபிள் ஸ்விட்ச் ஏ-வுக்கும் கார்டு கேபிள் ஸ்விட்ச் பி-க்கும் போனால், பாண்ட்1-இல் அதைத் திருப்பிப் போடுங்கள். பளு இரண்டு ஸ்விட்சுக்கும் பரவும்.

இரண்டு ஸ்விட்சும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை ரேக்கின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சர்வரின் இரண்டு பவர் சப்ளைகளையும் இரண்டு யுபிஎஸ்ஸுக்குப் பிரித்துவிட்டு, ஸ்விட்சுகளை மட்டும் ஒரே யுபிஎஸ்ஸில் விட்டிருப்பார்கள். கேபிளின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். சோதனை நாளில் தவறான கேபிளை இழுக்காமல் இருக்க அது ஒன்றே வழி.

எந்த மோடு

லினக்ஸ் பாண்டில் 0 முதல் 6 வரை ஏழு மோடு உண்டு. விஎம் ஓடும் சர்வருக்கு இரண்டை மட்டும் யோசித்தால் போதும்: 1-ஆம் எண்ணான ஆக்டிவ்-பேக்கப், 4-ஆம் எண்ணான எல்ஏசிபி.

ஆக்டிவ்-பேக்கப்பில் ஒரு கேபிள் மட்டும் வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். ஸ்விட்ச் பக்கம் பாண்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு ஸ்விட்சுக்குத் தாராளமாக இழுக்கலாம். 10 கிகாபிட் போர்ட்டை முதன்மையாகவும் 1 கிகாபிட் போர்ட்டை மாற்றாகவும் வைக்கலாம். எல்ஏசிபியில் வேகம் வேறுபட்ட போர்ட்டுகள் ஒரே குழுவில் சேராது.

எல்ஏசிபி என்பது சர்வரும் ஸ்விட்சும் பேசிவைத்துக்கொண்டு இரண்டு கேபிளையும் ஒரே குழுவாகப் பயன்படுத்துவது. 802.3ஏடி என்ற பழைய பெயரிலேயே இன்றும் மெனுவில் இருக்கிறது. இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சுக்குப் போக வேண்டும், அல்லது அந்த இரண்டு ஸ்விட்சும் எம்லேக் அல்லது ஸ்டாக் மூலம் ஒன்றாக நடிக்க வேண்டும். ஸ்டாக் என்றால் பல மாடல்களில் ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது எல்லா உறுப்பினரும் சேர்ந்தே ரீபூட் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்த நிமிடங்களில் பாண்ட் இருந்தும் பயனில்லை. எங்கள் கருத்து: எம்லேக் இல்லாத இடத்தில், தனித்தனி ஸ்விட்ச் இரண்டும் ஆக்டிவ்-பேக்கப்பும்தான் நிம்மதி.

எல்ஏசிபி போட்டால் வேகம் இரட்டிப்பாகும் என்ற எதிர்பார்ப்பு பாதிதான் சரி. ஒரு தனி இணைப்பு எப்போதும் ஒரே கேபிளில்தான் போகும். 1 கிகாபிட் கேபிள் இரண்டு இருந்தாலும், ஒரு பேக்கப் கோப்பை ஒரே இணைப்பில் நகர்த்தும்போது 1 கிகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. எந்த இணைப்பு எந்தக் கேபிளில் போகும் என்பதை ஹேஷ் பாலிசி தீர்மானிக்கிறது. லேயர் 2 என்று விட்டால் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும் பார்க்கும். வெளியே போகும் எல்லாமே ரவுட்டரின் ஒரே மேக்கை நோக்கிப் போவதால், ஒரு விஎம்மின் இணையப் போக்குவரத்து முழுவதும் ஒரே கேபிளில் குவியும். லேயர் 2+3 ஐபி முகவரியையும் சேர்த்துக்கொள்ளும், அதுவே நடுநிலையான தேர்வு. லேயர் 3+4 டிசிபி, யுடிபி போர்ட் எண்ணையும் பார்ப்பதால் இன்னும் நன்றாகப் பரப்பும். ஆனால் துண்டுபட்ட பாக்கெட்டுகளில் போர்ட் எண் இருக்காது என்பதால் அவை வரிசை மாறிப் போய்ச் சேரலாம்.

மற்றவை ஏன் வேண்டாம்? மோடு 0 பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரண்டு கேபிளிலும் தள்ளும். சாதாரண ஸ்விட்ச் ஒரே மேக்கை இரண்டு போர்ட்டில் மாறி மாறிப் பார்த்து, மேக் ஃபிளாப்பிங் என்று பதிவில் எழுதித் தள்ளும். மோடு 6 ஏஆர்பி (ஓர் ஐபி முகவரிக்குரிய மேக்கைக் கேட்டறியும் முறை) பதில்களில் மேக்கை மாற்றி எழுதும் வேலையைச் செய்கிறது. பாண்டின் மேல் பிரிட்ஜும் அதன் மேல் பல விஎம்களின் மேக் முகவரிகளும் இருக்கும்போது அந்த வித்தையை நம்ப முடியாது.

அமைப்பது

தொடங்கும் முன் ஐடிராக், ஐஎல்ஓ, ஐபிஎம்ஐ என்று தொலைவிலிருந்து சர்வரின் திரையைப் பார்க்கும் வசதி எது இருக்கிறதோ அதில் நுழைந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லாத சர்வரென்றால் மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஈடிசி கோப்புறையின் நெட்வொர்க் பிரிவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: ஐந்து நிமிடம் காத்திருந்து, அந்த நகலைப் பழைய இடத்துக்குத் திருப்பி, நெட்வொர்க் அமைப்பை மறுபடி படிக்கும் ஐஎஃப்ரீலோடு கட்டளையை ஓட்டும் ஒரு வரியைப் பின்னணியில் விட்டு வையுங்கள். எல்லாம் சரியாக வந்தால் அதை நிறுத்திவிடலாம். வராவிட்டால் சர்வர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும்.

வெப் திரையில் இடப்பக்கம் நோட் (சர்வர்) பெயரைத் தேர்ந்து, சிஸ்டம், அதன் கீழ் நெட்வொர்க் என்று போங்கள். வரிசை முக்கியம். முதலில் விஎம்பிஆர்0-ஐத் திறந்து, பிரிட்ஜ் போர்ட்ஸ் கட்டத்தில் உள்ள இஎன்ஓ1-ஐ அழித்துச் சேமியுங்கள். இதைச் செய்யாமல் பாண்ட் உருவாக்கப் போனால், அந்த போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். பயப்பட வேண்டாம், இந்தக் கட்டத்தில் மாற்றம் எதுவும் நடைமுறைக்கு வந்திருக்காது. தனிக் கோப்பில் காத்திருக்கும்.

அடுத்து கிரியேட் மெனுவில் லினக்ஸ் பாண்ட். பெயர் பாண்ட்0. ஐபி, கேட்வே கட்டங்கள் காலி. ஸ்லேவ்ஸ் கட்டத்தில் இரண்டு போர்ட்டின் பெயரையும் நடுவில் ஓர் இடைவெளி விட்டு எழுதுங்கள். மோடில் ஆக்டிவ்-பேக்கப்பைத் தேர்ந்ததும் பாண்ட்-பிரைமரி கட்டம் திறக்கும். இரண்டும் ஒரே வேகம் என்றால் அதைக் காலியாக விடுவதே மேல்; காரணம் சோதனைப் பகுதியில் இருக்கிறது. எல்ஏசிபி என்றால் அங்கே ஹேஷ் பாலிசி கேட்கும்.

மூன்றாவதாக மறுபடி விஎம்பிஆர்0-ஐத் திறந்து, பிரிட்ஜ் போர்ட்ஸில் பாண்ட்0 என்று எழுதுங்கள். ஐபியும் கேட்வேயும் முன்பு இருந்தபடியே இருக்கட்டும். விஎம்களை விலேன் வாரியாகப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் விலேன் அவேர் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு விஎம்மின் கார்டிலும் விலேன் டேக் 30, 40 என்று எண் கொடுத்தால் போதும், விலேனுக்கு ஒரு பிரிட்ஜ் என்று அடுக்க வேண்டியதில்லை.

இப்போது திரையின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வேறுபாடு கூட்டல், கழித்தல் குறிகளோடு தெரியும். இஎன்ஓ1 என்பது பிரிட்ஜ்-போர்ட்ஸ் வரியில் கழித்தலிலும், பாண்ட்-ஸ்லேவ்ஸ் வரியில் கூட்டலிலும் இருக்க வேண்டும். பாண்ட்-மிமான் 100 என்ற வரியும் இருக்க வேண்டும். 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வரி அது. அது இல்லாத ஆக்டிவ்-பேக்கப் பாண்டுக்கு, வேறு கண்காணிப்பும் இல்லையென்றால், கேபிள் போனதே தெரியாது. முகவரி வரியில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது, ரிவெர்ட் கொடுத்து முதலிலிருந்து வாருங்கள். எல்லாம் சரி என்றால் அப்ளை கான்ஃபிகரேஷன். ஓரிரு நொடி திரை உறைந்து திரும்பும்.

அதன் பிறகு ஷெல்லில் பாண்டின் நிலைக் கோப்பைப் படியுங்கள். புராக் என்ற மெய்நிகர் கோப்புறையில் நெட், அதற்குள் பாண்டிங், அதற்குள் பாண்ட்0 என்ற பெயரிலேயே இருக்கும். அதில் கரன்ட்லி ஆக்டிவ் ஸ்லேவ் எது என்று முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு போர்ட்டின் கீழும் எம்ஐஐ ஸ்டேட்டஸ் அப் என்று இருக்கிறதா, ஸ்பீடு எதிர்பார்த்ததா என்று பாருங்கள். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் கேபிளில் ஏதோ ஒரு ஜோடி சரியில்லை. லிங்க் ஃபெயிலியர் கவுன்ட் என்ற எண் தொடக்கத்தில் 0.

எல்ஏசிபியில் இதே கோப்பு இன்னும் இரண்டு விஷயம் சொல்லும். பார்ட்னர் மேக் அட்ரஸ் முழுவதும் சுழியமாக இருந்தால், ஸ்விட்ச் எல்ஏசிபி பேசவே இல்லை என்று பொருள். அங்கே அமைப்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு போர்ட்டின் அக்ரிகேட்டர் ஐடியும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். வேறு வேறு எண் காட்டினால் இரண்டும் ஒரே குழுவில் சேரவில்லை. ஒன்று மட்டும் ஓடுகிறது, மற்றது சும்மா இருக்கிறது. எம்லேக் இல்லாத இரண்டு ஸ்விட்சுக்கு எல்ஏசிபி கேபிளை இழுத்தால் காட்சி இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா விளக்கும் பச்சைதான்.

ஸ்விட்ச் பக்கம்

சர்வரில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பாதிக் கோளாறு இங்கிருந்துதான் வரும். ஒரு பாண்டின் இரண்டு ஸ்விட்ச் போர்ட்டுகளையும் அருகருகே திரையில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். டிரங்க்கில் (பல விலேன்களைச் சுமக்கும் போர்ட்) அனுமதித்த விலேன் பட்டியல், நேட்டிவ் விலேன் (டேக் இல்லாத பாக்கெட்டுகள் சேரும் விலேன்), எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), எஸ்டிபி அமைப்பு, போர்ட் செக்யூரிட்டி. இவற்றில் ஒன்று வேறுபட்டாலும் கோளாறு இன்று தெரியாது. ஃபெயில்ஓவர் (ஒரு பாதை போய் மற்றதற்கு மாறுவது) ஆகும் நாளில்தான் தெரியும்.

மிக அதிகம் நடப்பது விலேன். புதிதாக விலேன் 30 தொடங்கும்போது ஸ்விட்ச் ஏ-வில் சேர்த்தவர், அந்த நேரம் விஎம் ஓடியதால் வேலை முடிந்தது என்று போய்விடுவார். பல மாதம் கழித்து ஸ்விட்ச் ஏ ரீபூட் ஆகும்போது மற்ற விஎம் எல்லாம் ஓடும், விலேன் 30-இல் உள்ளவை மட்டும் நிற்கும். காரணத்தை விஎம்முக்குள் தேடுவார்கள்.

எம்டியு 9000 வைத்திருந்தால் அது போர்ட், பாண்ட், பிரிட்ஜ், இரண்டு ஸ்விட்ச், எதிர்முனை என்று எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். தலைப்புகளுக்கு 28 பைட் போக 9000-க்கு வருவது அந்த எண். இந்த பிங்கை இரண்டு பாதையிலும் தனித்தனியே அனுப்பிப் பார்க்க வேண்டும்.

சர்வர் செருகியிருக்கும் போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் என்ற அமைப்பு வேண்டும். டிரங்க்காக இருந்தால் சில ஸ்விட்சுகளில் அதற்கென்று தனிச் சொல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய எஸ்டிபி, கேபிள் வந்த பிறகும் 15 விநாடி கேட்கும் நிலை, 15 விநாடி கற்கும் நிலை என்று அரை நிமிடம் எதையும் கடத்தாது. போர்ட் செக்யூரிட்டியில் மேக் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் அதையும் பாருங்கள். ஒரு போர்ட்டின் பின்னால் எத்தனை விஎம்மோ அத்தனை மேக் வரும். வரம்பு மீறினால் சில ஸ்விட்சுகள் போர்ட்டையே மூடிவிடும், இரண்டாவது போர்ட்டுக்கு நகர்ந்ததும் அதையும் மூடும்.

பொருந்தாத ஜோடி ஒன்று உண்டு: சர்வரில் ஆக்டிவ்-பேக்கப், ஸ்விட்சில் எல்ஏசிபி பேசாத நிலையான சேனல். ஸ்விட்ச் இரண்டு கேபிளையும் ஒன்றாக எண்ணிப் பாதிப் போக்குவரத்தைக் காத்திருக்கும் போர்ட்டில் அனுப்பும், சர்வர் அதைக் கீழே போடும். சில இணையதளம் திறக்கும், சில திறக்காது. சில விஎம்மிலிருந்து மட்டும் டேட்டாபேஸ் எட்டாது. இந்த மாதிரி அறிகுறி கண்டால் வேறு எங்கும் போகாமல் நேராக ஸ்விட்ச் போர்ட்டைப் பாருங்கள்.

இழுத்துப் பார்ப்பது

ஒரு விஎம்மிலிருந்து கேட்வேக்கும், வெளியிலிருந்து அந்த விஎம்முக்கும், விநாடிக்கு ஐந்து வீதம் இரண்டு பிங் ஓட விடுங்கள். ஒவ்வொரு விலேனிலும் ஒரு விஎம்மாவது இதில் இருக்க வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேபிளை நிஜமாகவே இழுங்கள். ஓரிரு பிங் விடுபட்டுத் தொடர வேண்டும். மறுபடி செருகி, ஒரு நிமிடம் பொறுத்து, மற்றதை இழுங்கள். கட்டளை மூலம் போர்ட்டை அணைப்பது இதற்கு ஈடாகாது. கேபிள், பேட்ச் பேனல், டிரான்ஸீவர் எதுவும் அதில் சோதனைக்கு வருவதில்லை.

அடுத்து ஸ்விட்ச் ஏ-வை பவரோடு அணையுங்கள். அது போவதை விடத் திரும்பி வருவதைக் கவனியுங்கள், சிக்கல் அங்கேதான். பல ஸ்விட்சுகளில் பவர் வந்த உடனேயே போர்ட் விளக்கு எரிந்துவிடும், பாக்கெட்டைக் கடத்தத் தயாராக இன்னும் சில நிமிடம் ஆகும். பாண்டில் பிரைமரி என்று அந்த போர்ட்டைக் குறித்திருந்தால், விளக்கு எரிந்ததும் பாண்ட் அங்கே ஓடிவிடும்; ஸ்விட்ச் இன்னும் எழவில்லை. போகும்போது அரை நொடிகூட நிற்காத சேவை, வரும்போது இரண்டு நிமிடம் நிற்கும். பிரைமரியைக் காலியாக விடச் சொன்னது இதற்காகத்தான்: பிரைமரி இல்லாவிட்டால் பாண்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கும். 10 கிகாபிட், 1 கிகாபிட் என்று கலந்திருந்து பிரைமரி தேவைப்பட்டால், இன்டர்ஃபேசஸ் கோப்பில் பாண்ட்-அப்டிலே என்ற வரியைச் சேர்த்து, உங்கள் ஸ்விட்ச் எழ ஆகும் நேரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக மில்லி விநாடியில் கொடுங்கள். மூன்று நிமிடம் என்றால் 180000. இந்த எண் மிமானின் மடங்காக இருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். பாண்டை மறுபடி ஸ்விட்ச் ஏ பக்கம் ஓடும்படி செய்து, ஸ்விட்ச் ஏ-வை ஓடவிட்டு, அதிலிருந்து மேலே போகும் அப்லிங்க்கை மட்டும் இழுங்கள். சர்வரின் கேபிள் உயிரோடு இருக்கிறது, ஆகவே மிமானுக்கு எல்லாம் நலம், பாண்ட் நகராது, விஎம்கள் வெளி உலகை இழந்து நிற்கும். இதற்கு ஸ்விட்சுக்கு இரண்டு அப்லிங்க் கொடுக்கலாம், அல்லது ஸ்விட்ச் ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஒரு கேபிள் இருக்கலாம். ஸ்விட்சில் லிங்க் ஸ்டேட் டிராக்கிங் போன்ற வசதி இருந்தால், அப்லிங்க் போனதும் சர்வர் போர்ட்டையும் அதுவே அணைத்துவிடும். பாண்டிலேயே மிமானுக்குப் பதில் ஏஆர்பி கண்காணிப்பு வைத்து, கேட்வே பதில் தருகிறதா என்று பார்க்கச் சொல்லவும் முடியும். எல்ஏசிபியோடு அது சேராது. விளக்கு எரிந்தபடியே கார்டு உறைந்துபோவதும் இதே குடும்பம்தான். இன்டெல்லின் ஐ219 வகை மதர்போர்டு போர்ட்டில், கெர்னல் பதிவில் ஹார்ட்வேர் யூனிட் ஹாங் என்ற வரி தொடர்ந்து வந்தால், டிஎஸ்ஓ போன்ற ஆஃப்லோடுகளை (கார்டே ஏற்றுச் செய்யும் வேலைகள்) அணைத்துப் பாருங்கள்.

பேசாத விஎம்

ஆக்டிவ்-பேக்கப்பில் இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே நகரும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேலே உள்ள கோர் ஸ்விட்ச், விஎம்மின் மேக் ஸ்விட்ச் ஏ பக்கம் இருப்பதாகவே நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு பல ஸ்விட்சுகளில் 300 விநாடி தங்கும். ஃபெயில்ஓவரின்போது பாண்ட் அனுப்பும் ஏஆர்பி அறிவிப்பு சர்வரின் சொந்த முகவரிக்கானது. விஎம்களின் சார்பில் அது பேசாது. விஎம் தானாக ஒரு பாக்கெட் வெளியே விட்டால் உடனே எல்லாம் சரியாகிவிடும், பெரும்பாலான விஎம்கள் அடிக்கடி ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். ஆனால் கேட்டால் மட்டும் பதில் சொல்லும் சில விஎம்கள் உண்டு. யுடிபியில் பதிவு வாங்கிச் சேமிப்பது மட்டுமே வேலையான ஒன்று இருந்தால், அதற்கு வருவது ஐந்து நிமிடம் வரை தவறான ஸ்விட்சுக்குப் போய் மறையலாம். அப்படிப்பட்ட விஎம்முக்குள் பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்வேயை பிங் செய்யும் சிறு சேவையை ஓட விடுங்கள். விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐயில் இந்த வேலையை நோட்டிஃபை ஸ்விட்சஸ் என்ற அமைப்பு செய்கிறது. ஒவ்வொரு விஎம்மின் சார்பிலும் அதுவே அறிவிப்பு அனுப்பும். அங்கிருந்து புராக்ஸ்மாக்ஸுக்கு மாறி வருபவர்கள் இங்கேயும் அது இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கோரோசிங்கும் பாண்டும்

கிளஸ்டர் (பல புராக்ஸ்மாக்ஸ் சர்வர்கள் சேர்ந்த குழு) என்றால் நோட்டுகள் ஒன்றையொன்று கோரோசிங் மூலம் கேட்டுக்கொண்டே இருக்கும். தாமதத்தை அது தாங்காது. பேக்கப் ஓடும் கேபிளிலேயே அதையும் விட்டால், பேக்கப் நேரத்தில் நோட்டுகள் ஒன்றையொன்று இழந்து, ஹெச்ஏ (ஒரு நோட் செத்தால் அதன் விஎம்களை வேறு நோட்டில் எழுப்பும் வசதி) இயங்கும் இடத்தில் நல்ல நோட்டே தன்னை ரீபூட் செய்துகொள்ளும். கோரோசிங் தன் சொந்த மாற்றுப் பாதையை 8 லிங்க் வரை வைத்துக்கொள்ளத் தெரிந்தது. ஆகவே லிங்க் 0-க்கு முன்பு ஒதுக்கிய தனி போர்ட்டையும், லிங்க் 1-க்கு பாண்ட்0-இன் நெட்வொர்க்கையும் கொடுங்கள். எல்ஏசிபி பாண்டின் மேல் கோரோசிங் போகிறது என்றால், பாண்ட்-எல்ஏசிபி-ரேட் ஃபாஸ்ட் என்ற வரியைச் சேர்த்து ஸ்விட்சிலும் அதையே வையுங்கள். விளக்கு எரிந்தபடி பாதை செத்தால், மெதுவான நிலையில் எல்ஏசிபி அதைக் கண்டுகொள்ள 90 விநாடி எடுக்கும். ஃபாஸ்ட் என்றால் 3 விநாடி. ஹெச்ஏ 60 விநாடி அளவிலேயே பொறுமை இழந்துவிடும்.

பெயர் மாறும் ஆபத்து

இஎன்பி5எஸ்0எஃப்0 என்ற பெயரில் உள்ள 5 பிசிஐ பஸ் எண். புதிதாக ஒரு எஸ்எஸ்டி கார்டோ ஜிபியுவோ செருகினால் அந்த எண் 6 ஆகிவிடலாம். கெர்னல் புதுப்பித்த பிறகும் சில கார்டுகளின் பெயர் மாறியதுண்டு. பாண்ட்-ஸ்லேவ்ஸ் வரியில் பழைய பெயரே இருக்கும், அந்த போர்ட் பாண்டில் சேராது. இரண்டில் ஒன்றின் பெயர் மட்டும் மாறினால் இன்னும் மோசம், ஏனென்றால் எல்லாம் ஓடுகிறது. பாண்ட் ஒற்றைக் காலில் நிற்பது யாருக்கும் தெரியாது. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் ஒவ்வொரு போர்ட்டின் மேக் முகவரிக்கும் ஒரு நிலையான பெயர் எழுதி வையுங்கள். புராக்ஸ்மாக்ஸ் 9-இல் இதற்கென்றே பிவிஇ-நெட்வொர்க்-இன்டர்ஃபேஸ்-பின்னிங் என்ற கருவி வந்துவிட்டது. அது நிக்0, நிக்1 என்று பெயரிட்டு, இன்டர்ஃபேசஸ் கோப்பையும் அதற்கேற்ப மாற்றித் தயாராக வைக்கும், ரீபூட் செய்தால் நடைமுறைக்கு வரும்.

எஸ்ஆர்-ஐஓவி (ஒரு கார்டையே பல மெய்நிகர் கார்டுகளாகப் பிரிக்கும் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டின் ஒரு விஎஃப்பை (அப்படிப் பிரித்த மெய்நிகர் கார்டு) நேராக விஎம்முக்குக் கொடுத்தால், அந்தப் போக்குவரத்து பிரிட்ஜையும் பாண்டையும் தாண்டிப் போகிறது. சர்வரில் போட்ட பாண்ட் அதைக் காக்காது. அங்கே மட்டும் விஎம்முக்குள் பாண்ட் தேவை: இரண்டு வேறு கார்டுகளிலிருந்து ஆளுக்கொரு விஎஃப், ஆக்டிவ்-பேக்கப் மோடு, ஃபெயில்ஓவர்-மேக் என்ற அமைப்பில் ஆக்டிவ்.

கடைசியாக, நிலைக் கோப்பில் வரும் லிங்க் ஃபெயிலியர் கவுன்ட்டையும், பாண்டில் உயிரோடு உள்ள போர்ட் எண்ணிக்கையையும் உங்கள் கண்காணிப்பில் சேருங்கள். உயிரோடு இருப்பது இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் இரவென்றாலும் செய்தி வர வேண்டும். கவுன்ட் வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று ஏறினால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு டிரான்ஸீவரை, அதற்கும் பிறகு ஸ்விட்ச் போர்ட்டை. விலேன் சேர்த்தாலும், ஸ்விட்ச் மாற்றினாலும், சர்வரைத் திறந்து கார்டு செருகினாலும், அன்றே இரண்டு கேபிளையும் ஒருமுறை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்துவிட்டு ரேக்கை மூடுங்கள்.